தொடுகிற கையும் எழுதுகிற கையும்

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில் நான் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்கள்: 'நர்ஸ் வந்தார்.' 'ஆயா வந்தாள்.' மறுபடி படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. நர்ஸுக்கு இருபத்து நான்கு வயதிருக்கலாம். ஆயாவுக்கு ஐம்பதை ஒட்டி. வயதுக்கு மரியாதை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் சமூகத்தில் வளர்ந்த என் பேனா, யோசிக்காமலே இளையவருக்கு 'ஆர்' விகுதியையும் மூத்தவருக்கு 'ஆள்' விகுதியையும் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வினைச்சொல் எழுத வேண்டுமானால்கூட அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டியிருக்கிறது. இனி இருவருக்கும் 'அவர்' என்றே எழுதுகிறேன். அதில் பெரிய புண்ணியம் ஏதுமில்லை என்பதும் தெரியும். விகுதியைத் திருத்துவது சுலபம்.

சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஏற்காட்டில் வேலை. சேலத்திலிருந்து என்னுடன் வந்து தங்கியிருந்த அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெயர் வேண்டாம், இதில் தவறு அந்த ஆஸ்பத்திரியுடையது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் பேதி நின்றது, டிரிப்ஸை எடுத்துவிட்டார்கள். அன்று இரவு பத்து மணிக்கு நர்ஸ் வந்து, "அம்மாவுக்கு யூரின் போச்சா சார்?" என்று கேட்டார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "போச்சு சிஸ்டர்" என்றேன். அவர் சார்ட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். உண்மையில் அது எனக்குத் தெரியாது. பெட்பேன் வைத்ததும் எடுத்ததும் நானல்ல.

விடியற்காலை இரண்டு மணி இருக்கும். கார்த்திகை மாதப் பனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. ஆயா என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "சார், அம்மாவுக்குக் காலையிலேருந்து ஒரே ஒருக்காதான் போச்சு. அதுவும் கருங்காப்பியாட்டம் இருந்துச்சு." நான், "சிஸ்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "நாஞ் சொன்னா நல்லா இருக்காது சார். நீங்க சொன்னீங்கன்னா கேப்பாங்க." எனக்குத் தூக்கக் கலக்கம். இந்த அம்மாள் ஏன் இந்த நேரத்தில் வந்து நிற்கிறார் என்று யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரே காரணத்துக்கு வந்து சேர்ந்தேன். பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கணம் தயங்கி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தூங்கிவிட்டேன்.

காலையில் டாக்டர் வந்து பார்த்தார். நாக்கு வறண்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சோர்ந்துபோயிருப்பது தெரிந்தது. மறுபடி டிரிப்ஸ் ஏற்றி, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். சார்ட்டைப் புரட்டி, இரவு சிறுநீர் போதுமான அளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் நர்ஸைத் திட்டினார். நர்ஸ் கண் கலங்க நின்றார். டாக்டர் போனதும் வராந்தாவில் ஆயாவைப் பிடித்துக்கொண்டார்: "நீதானே பேன் எடுத்தே? ஏன் சொல்லல?" ஆயா பதில் சொல்லவில்லை. நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆம்புலன்ஸில் இறங்கி வந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டாள். அதனால்தான் இதைக் கட்டுரையாக எழுத முடிகிறது.

நோயாளியின் உடம்பிலிருந்து வெளியேறுவதை அளந்து எழுத ஆஸ்பத்திரிகளில் ஒரு தாள் உண்டு. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று இரண்டு பத்திகள். வளர்ந்த ஒருவருக்கு இருபத்து நாலு மணி நேரத்தில் நானூறு மில்லிக்குக் கீழே சிறுநீர் குறைந்தால் அபாயம் என்று வைத்தியம் சொல்கிறது. அந்தத் தாளில் எழுதும் உரிமை நர்ஸுக்கு. படித்து முடிவெடுக்கும் உரிமை டாக்டருக்கு. ஆனால் அந்த எண்ணுக்கு ஆதாரமான பொருளைக் கண்ணால் பார்ப்பவர், அதன் நிறமும் அளவும் அறிந்தவர், அதைக் கழுவிக் கொட்டுகிற ஆயா. அவருக்கு அந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்கவும் உரிமை இல்லை. அன்றிரவு நர்ஸ், தெரிந்தவரைக் கேட்காமல் தெரியாதவனைக் கேட்டார். நான் பேன்ட் போட்டிருந்தேன், புத்தகம் வைத்திருந்தேன். அவர் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆயாவைக் கேளுங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றாததில்தான் ஆச்சரியம்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய தேவதையாகவே நமக்குப் பாடப்புத்தகங்கள் காட்டின. 1859இல் அவர் எழுதிய நர்ஸிங் பற்றிய சிறு நூலைப் படித்தால் வேறொரு ஆளைச் சந்திக்கிறோம்: கறாரான, எரிச்சல் மிகுந்த, கண்ணை மூடாத ஒருவர். நோயாளியைக் கவனிப்பது குறித்துத் தனி அத்தியாயமே அதில் உண்டு. பார்க்கத் தெரியாதவர் நர்ஸாக இருக்கத் தகுதியற்றவர் என்பதே அதன் சாரம். ஆனால் அதே நைட்டிங்கேல் பெயரால் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தொடங்கிய பள்ளியில் சில வருஷங்களுக்குள் இரண்டு வகை மாணவிகள் உருவாகிவிட்டார்கள். தங்கள் செலவைத் தாங்களே கட்டிப் படித்த சீமாட்டிகள் ஒரு வகை. சொற்பச் சம்பளத்தில் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் மேற்பார்வைக்குப் போனார்கள். ஆக, இந்தத் தொழில் பிறந்த வீட்டிலேயே படிக்கட்டு இருந்தது. அதைப் பழிப்பது என் நோக்கமல்ல. இங்கே வந்தபோது அந்தப் படிக்கட்டு எதன்மேல் சாய்த்து வைக்கப்பட்டது என்பதுதான் பிரச்னை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது என்கிறார்கள். வேலூரில் ஐடா ஸ்கடரின் ஆஸ்பத்திரியை ஒட்டி 1909இல் நர்ஸிங் பள்ளி வந்தது. 1946இல் அது பட்டம் தரும் கல்லூரியாயிற்று. அதே 1946இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குச் சொன்னது. ஏன் அவ்வளவு குறைவு? அந்நியரின் உடம்பைத் தொடுவதும் அதன் கழிவைக் கையாள்வதும் நம் 'நல்ல குடும்பங்கள்' ஒப்பாத காரியமாக இருந்தது. தொடக்க காலத்தில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். அவர்களைச் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பது தெரிந்ததே. பிறகு 1947இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம், பதிவு, பட்டயம், பட்டம், முதுகலை என்று தொழில் உயர்ந்தது. 2023இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் புதுச் சட்டமும் நிறைவேறியது. இந்த உயர்வு போராடிப் பெற்றது. அதில் ஒரு படியைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் உயர்வுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் வேறொருவர். நர்ஸ் ஒவ்வொரு படி ஏறும்போதும் உடம்பைத் தொடுகிற வேலையில் ஒரு பகுதி கீழே இறங்கியது. முதலில் மலஜலம், பிறகு குளிப்பாட்டுவது, பிறகு திருப்பிப் படுக்கவைப்பது. இன்றைய வார்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று கண்டுபிடிக்க அடையாள அட்டையைப் படிக்க வேண்டியதில்லை. நோயாளியின் கழிவிலிருந்து அவர் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். டாக்டர் கையுறையோடு ஒரு நிமிஷம், நர்ஸ் ஊசிமுனையளவு, ஆயா முழுக் கை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது இங்கே சோப்பு வாசனையோடு இயங்குகிறது. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதால், மேலே இருப்பவர்மீது கோபம் வந்தாலும் படிக்கட்டின்மீது கோபம் வருவதில்லை. அன்று காலை திட்டு எந்த வழியில் இறங்கியதோ அதே வழியில்தான் பெட்பேனும் இறங்கியிருந்தது.

இங்கே நைட்டிங்கேலை மறுபடி நினைக்க வேண்டும். பெட்பேனைக் கீழே அனுப்பியவர்கள் அதோடு கூடவே எதை அனுப்புகிறோம் என்று யோசிக்கவில்லை. கவனிப்பதும் அதோடு சேர்ந்து கீழே போய்விட்டது. உடம்பின் அருகில் இருப்பவரே பார்க்கிறார். பேனா மட்டும் மேலேயே தங்கிவிட்டது. மேலே இருப்பவரிடம் எழுதும் உரிமை இருக்கிறது, பார்த்த அனுபவம் இல்லை. கீழே இருப்பவர் பார்த்திருக்கிறார், அவருக்குச் சொல்லும் உரிமை இல்லை. இடையில் நோயாளி கிடக்கிறார்.

சேர்வராயன் மலைக்கு இது புதிதல்ல. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களை ஒட்டி இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அதிலிருந்து துரை, ரைட்டர், மேஸ்திரி, ஆள் என்று மலைமேல் ஒரு ஏணி நின்றது. இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினரும் கீழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் அதன் கடைசிப் படியில் நின்றார்கள். எந்தப் பழம் பழுத்தது என்று பறிக்கிற விரலுக்குத்தான் தெரியும். சாயங்காலம் எடை போட்டு எழுதுகிற கை வேறு. அந்த ஆயாவின் தாயார் தோட்டத்தில் பழம் பறித்தவர் என்று பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரே தலைமுறையில் அந்தக் குடும்பம் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்திருக்கிறது. தொடுகிற கையாகவே நகர்ந்திருக்கிறது.

மரியாதை என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் அதன் பொருள் எல்லை, வரம்பு, கரை. நாம் அதை இரவல் வாங்கியபோது அந்த அர்த்தத்தை இழக்கவில்லை, உள்ளே ஒளித்துவைத்திருக்கிறோம். கோயிலில் முதல் மரியாதை என்கிறோம். முதல் என்று ஒன்று இருந்தால் இரண்டாவது, மூன்றாவது, அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்காதவர் என்று வரிசை இருந்தாக வேண்டும். பரிவட்டம் எல்லோர் தலையிலும் கட்டப்பட்டால் அது பரிவட்டம் அல்ல. எனவே 'எல்லோருக்கும் மரியாதை கொடுங்கள்' என்ற உபதேசம் தமிழில் ஏறக்குறைய ஒரு முரண். மதிப்பு வேறு. மதித்தல் என்றால் அளந்து பார்த்தல், எண்ணிப் பார்த்தல். ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ள நாம் எடுக்கும் சிரமம் அது. நர்ஸை நான் 'சிஸ்டர்' என்றது மரியாதை. ஆயாவை 'நீங்கள்' என்று அழைத்ததும் ஐம்பது ரூபாய் கொடுத்ததும்கூட என் கணக்கில் மரியாதைதான். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அது மதிப்பாக இருந்திருக்கும். கேட்காமல் இருப்பதற்காகவே பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அரசாங்கம் நர்ஸுக்குச் 'செவிலியர்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பொருத்தமானது. அகமரபில் செவிலி வேலைக்காரி அல்ல. வளர்த்தவள். தோழி அவள் மகள் என்கிறது தொல்காப்பியம். பெண் உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவள் அவள்தான். பெற்றவள் வீட்டில் இருந்து புலம்புகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக அவளுக்குக் கூற்று உண்டு. யார் பேசலாம், யார் பேச்சைப் பிறர் எடுத்துச் சொல்ல மட்டுமே முடியும் என்று அந்த இலக்கணம் பட்டியல் போட்டது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாகும் தகுதி இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டார்கள். செவிலி என்ற பெயரை ஒரு படிக்குக் கொடுத்த நாம், அடுத்த படிக்கு வினைவலரின் இடத்தையே வைத்திருக்கிறோம். தேடிப் போகிற வேலையை, இரவு இரண்டு மணிக்கு இன்னொருவர் பிள்ளையிடம் வந்து நிற்கிற வேலையை, அன்று ஆயாதான் செய்தார். செவிலி அவரே. கூற்று மட்டும் அவருக்கு இல்லை.

என் மார்க்சிய நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 'சம்பளத்தைப் பேசு, மரியாதையெல்லாம் மத்தியதர வர்க்கத்தின் மனச்சாட்சிப் பொழுதுபோக்கு' என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2015இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அதே சீருடை, அதே வார்டு, அதே ஊசி. நியமன உத்தரவு மட்டும் வேறு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கோவிட் காலத்தில் கைதட்டி வரவேற்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை இல்லாமல் போனது. அன்றிரவு அந்த நர்ஸ் தெரியாதவனைக் கேட்டதற்குப் பின்னால் எத்தனை கட்டில்கள், எத்தனை இரட்டை ஷிஃப்டுகள் இருந்தன என்று நான் கேட்டதில்லை. அவரைக் குற்றவாளியாக்கி இந்தக் கட்டுரையை முடிப்பது இன்னொரு முறை பெட்பேனைக் கீழே அனுப்புவதாகும்.

ஆனால் மீதிப் பாதி? சம்பளம் இல்லாத மரியாதை மோசடி. அதற்கு மலைப்பகுதிகளில் வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா ஊழியர்களே சாட்சி. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. அவர்கள் கைக்கு வருவது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. ஆயாவும் இன்று ஆயா அல்ல. 'பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர்' என்று பெயர் நீண்டிருக்கிறது, வேலை கான்ட்ராக்டரிடம் போயிருக்கிறது. இதெல்லாம் சரி. எனினும் ஆயாவின் சம்பளம் நாளை மூன்று மடங்கானாலும் அன்றிரவு அவர் நர்ஸிடம் போய்ச் சொல்லியிருப்பாரா? நான் கேட்டிருப்பேனா? சம்பளம் ஏறும்போது மனிதர் ஏறுகிறார். அவர் வார்த்தை தானாக ஏறுவதில்லை.

படிக்கட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் நான் எழுதும் ஒரு பதிவை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்காமல் பணம் நகராது. அதில் எனக்கு அவமானம் இல்லை. அது பொறுப்பின் படிக்கட்டு. யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கான ஒழுங்கு. எந்த மருந்து எவ்வளவு என்று ஆயா முடிவெடுப்பதை யாரும் விரும்ப மாட்டோம், அவரும் விரும்ப மாட்டார். பொறுப்பின் ஏணியை மனிதர்களின் ஏணியாக நாம் எப்போது மாற்றுகிறோம் என்பதே கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: மேல்படி கீழ்படிக்குச் சொல்வது கடமையாக இருக்கும் இடத்தில், கீழ்படியைக் கேட்பதும் கடமையாக இருக்கிறதா? ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைக்கிறார். அந்த ஐந்து நிமிஷத்தில் ஆயாவையும் பக்கத்தில் நிறுத்தி, 'நீங்க என்ன பார்த்தீங்க?' என்று கேட்பதற்குப் பட்டமோ புதுச் சட்டமோ தேவையில்லை. அவர் எழுத வேண்டாம். அவரைக் கேட்க ஒருவர் கடமைப்பட்டிருந்தால் போதும். காந்தி 1901இல் கல்கத்தா காங்கிரஸில் கக்கூஸைத் தானே கழுவினார். பெரிய காரியம். ஆனால் மேலே இருப்பவர் ஒருநாள் இறங்கி வந்து துடைப்பத்தை எடுப்பதைவிட, துடைப்பத்தோடு நிற்பவர் தினமும் பேச முடிவது கடினமானது என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு உறுத்தல். நானும் எழுதுகிற கைதான். அவர் பார்த்ததை, அவர் சொன்ன கருங்காப்பியை, நான் எடுத்துக் கட்டுரையாக்கியிருக்கிறேன். இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகாது. நம் சிறுபத்திரிகை வட்டத்தில் கீழே இருப்பவர்களைப் பற்றி நாம் எழுதிய பக்கங்கள் ஏராளம். அவற்றில் எத்தனை பக்கங்கள் அவர்களைக் கேட்டு எழுதியவை என்று எண்ணினால் நம் சார்ட்டும் தூக்கக் கலக்கத்தில் நிரப்பியதாகவே இருக்கலாம்.

சேலத்தில் குணமாகி வீடு திரும்பியதும் அம்மா அந்த ஆயாவின் பெயரைச் சொல்லி, "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலியே" என்றாள். மூன்று நாளில் அம்மாவுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்பதும். அம்மா 'அவள்' என்றுதான் சொன்னாள். அந்த விகுதியில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து நான் மட்டும் போனேன். கான்ட்ராக்ட் மாறிவிட்டது, அவர் இப்போது இல்லை என்றார்கள். அந்த நர்ஸ் இருந்தார். அன்று பத்து மணிக்கு நான் சொன்னது தெரிந்து சொன்னதல்ல என்றும், இரண்டு மணிக்கு ஆயா என்னிடம் வந்து சொன்னார் என்றும் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.